பாஸ் போன பிறகும் பாண் எழும்ப வேண்டும்

2022 ஆவணியில் எங்கள் பேக்கரியின் பாஸ், அதாவது மா குழைத்துப் பாண் சுடும் தலைமை வேலைக்காரர், கட்டாருக்குப் போனார். அப்பா காலத்தில் தட்டுக் கழுவ வந்தவர், பிறகு போறணைக்கு முன்னால் 18 வருடம் நின்றவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வான் வந்து நின்றபோது, "ஒண்டும் யோசிக்காத தங்கச்சி, பொடியன் எல்லாம் பழகிட்டான்" என்று சொல்லிவிட்டு ஏறினார். மறுநாள் விடிய மூன்று மணிக்கு, அவருக்கு உதவிக்கு நின்ற அந்தப் பொடியன் மா குழைத்தான். போறணையில் இருந்து 150 பாண் வெளியே வந்தது. மேலே தட்டை, ஓரமெல்லாம் கருகல், நடுவில் களி. ஒன்றைக்கூடக் கடையில் வைக்க முடியவில்லை.

எங்கள் பேக்கரி மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கம், பிரதான வீதியில் இருக்கிறது. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு விறகுப் போறணை, மா குழைக்கும் மிஷின் ஒன்று, இரண்டு முச்சக்கரவண்டி. ஒரு வண்டி வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைக் கிராமங்களுக்குப் போகும். மற்றது பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வாவியின் மேற்கே படுவான்கரைக்கு, பெரியபோரதீவு, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் என்று சுற்றிவரும். வெட்டிப் பைக்கற்றில் அடைத்து லொறியில் வருகிற பெரிய கம்பனிப் பாண் இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைத்தாலும் எங்கள் பாணை ஆட்கள் கையில் எடுக்க வேண்டும்.

அந்த வருடம் எப்படிப்பட்டது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. உக்ரைன் போரால் கோதுமை உலகம் முழுக்க விலை ஏறியது. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகுதான் வண்டிகள் ஒழுங்காக ஓடின. மா, ஈஸ்ட், மாஜரீன் மூன்றுக்கும் டொலரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இத்தனையையும் எப்படியோ தாண்டி வந்தோம். கடையை மூடுகிற அளவுக்கு எங்களைக் கொண்டுபோனது, ஒரு மனிதரின் கை விமானம் ஏறிப் போனதுதான்.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள், நான் கொடுத்த சம்பளத்தில் அந்த வருடம் அரிசிக்கும் பால்மாவுக்குமே காணாது. பிழை என் பக்கம். 18 வருடமாக அவர் கையில் சேர்ந்ததைக் கடைக்கும் உரியதாக்க ஒரு நாளும் நினைக்கவில்லை. சமையலுக்கு உப்புப் போடும் அம்மாவிடம் அளவு கேட்பவர் யார்? அப்படித்தான் இருந்துவிட்டோம்.

முதல் வாரம் முழுக்கத் தொலைபேசிதான். இங்கே விடிய மூன்று மணி என்றால் கட்டாரில் நள்ளிரவு பன்னிரண்டரை. பாவம், நித்திரையில் இருந்து எழும்பி வீடியோவில் வருவார். "தண்ணி எவ்வளவு அண்ணன்?" என்று கேட்டால், "மா கேக்கிற அளவுக்கு ஊத்துங்க" என்பார். "எவ்வளவு நேரம் குழைக்க?" "கையில ஒட்டாமல் வாற வரைக்கும்." "எப்ப அச்சில போட?" "விரலால அமத்திப் பாருங்க, மா சொல்லும்." மறைக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். 50 கிலோ மூடைக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் என்று அவரும் ஒரு நாளும் அளந்ததில்லை. பழைய எண்ணெய் வாளி ஒன்றில் அள்ளி ஊற்றுவார், கடைசியாகக் கையால் தெளிப்பார். அந்தக் கைத்தெளிப்பைத் தொலைபேசியில் எப்படி வாங்குவது?

என் தங்கையின் மகள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டு, "பெரியம்மா, இது பாடத்தில் இருக்கு" என்றாள். இக்குஜிரோ நொனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர் சொன்ன சம்பவம் அது. 1985இல் ஒசாக்காவில் மட்சுஷிட்டா கம்பனியின் ஆட்கள் வீட்டிலேயே பாண் சுடும் மிஷின் ஒன்று செய்யப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கதையே தான்: வெளியே கருகும், உள்ளே வேகாது. மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்களாம். கடைசியில் இக்குகோ தனாகா என்ற மென்பொருள் பெண், நல்ல பாணுக்குப் பெயர்போன ஒசாக்கா இன்டர்நேஷனல் ஹோட்டலுக்குப் போய், அங்கே தலைமைப் பேக்கரிடம் வேலை பழகினார். அந்தப் பேக்கர் மாவை ஒரு விதமாக இழுத்து நீட்டுவதைத் தனாகா கண்டுகொண்டார். பொறியியலாளரோடு சேர்ந்து ஒரு வருடம் பட்டுத் திருத்தியதில், அந்த இழுப்பை மிஷினுக்குள்ளே கொண்டுவர முடிந்தது.

கேட்டபோது எனக்குப் பட்டது இதுதான்: கையில் இருக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும், எழுத்து அதற்குப் பிறகு. நாங்கள் நின்று பிடிக்காமல், தொலைபேசியில் கேட்டு நேரே எழுதப் பார்த்தோம்.

பக்கத்தில் நிற்க ஒரு பாஸ் வேண்டுமே. காத்தான்குடியில் பேக்கரி வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் கேட்டேன். ஈஸ்ட் கிடைக்காத நாட்களில் இரண்டு பைக்கற் கடன் தந்தவர். பொடியனை அனுப்புங்கள் என்றார். பத்து இரவு அவருடைய மா குழைக்கும் தொட்டியடியில் பொடியன் நின்றான். போட்டிக் கடைக்காரிக்கு ஏன் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "எங்கட வாப்பாவுக்கும் ஆரோ சொல்லிக் குடுத்ததுதானே தங்கச்சி" என்றார். ஈஸ்டைக் குறைத்து, முதல் நாள் இரவே கொஞ்சம் மாவைக் குழைத்துப் புளிக்க வைத்து மறுநாள் மாவோடு சேர்க்கும் வித்தையும் அங்கேதான் வந்தது. அந்தத் தட்டுப்பாட்டில் அது எங்களுக்குச் சோறு போட்டது.

பொடியன் திரும்பி வந்த பிறகுதான் கொப்பியைத் தொடங்கினோம். இந்த முறை நான் எழுதச் சொல்லவில்லை, நானே நின்று அளந்தேன். அவன் கையால் ஊற்றுவதற்கு முன் வாளியைத் தராசில் வைத்தேன், ஊற்றிய பிறகு மீண்டும் வைத்தேன். ஏழு நாள் அளந்ததில் 50 கிலோவுக்கு 28 முதல் 30 லீற்றர் வரை வந்தது. சரி, 29 என்று எழுதி ஆணியில் கட்டித் தொங்கவிட்டோம். பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வைகாசியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. மேற்கே இருந்து வருகிற அந்த வறண்ட சூடு மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும், பத்து மணிக்கே உதடு காயும். அதே 29 லீற்றர், அதே ஈஸ்ட், அதே நேரம். மா அச்சுக்கு மேலே பொங்கி வழிந்து, போறணையில் வைத்ததும் பொத்தென்று இருந்துவிட்டது. அன்றைக்குத்தான் அண்ணனின் "மா கேக்கிற அளவு" என்ற பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது. அவர் கை தண்ணீரின் அளவை மட்டும் பார்க்கவில்லை, சூட்டையும் பார்த்திருக்கிறது. கச்சான் காலத்தில் அவர் மண்பானைத் தண்ணீரை எடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். குடிக்க வைத்த தண்ணீரை எடுக்கிறாரே என்று சண்டைகூடப் பிடித்திருக்கிறோம்! ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பேக்கரி நடத்துபவர்களுக்கு இது உதவும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். குழைத்து முடிந்த மா 27 பாகை அளவில் இருந்தால் நல்லது. 27ஐ மூன்றால் பெருக்கினால் 81. அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, மிஷின் சுற்றுவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால், தண்ணீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்று வரும். எங்கள் மிஷினுக்கு அந்தக் கடைசிக் கணக்கு 8. மா 31, அறை 32 என்றால் தண்ணீர் 10 பாகையில் வேண்டும். கச்சான் காலத்தில் குழாய்த் தண்ணீர் 30க்குக் கிட்ட நிற்கும். அதனால் இரவே போத்தல்களில் தண்ணீரை ஃபிரீசரில் வைக்கிறோம். சமையலறைத் தெர்மோமீற்றர் ஒன்று வாங்கினால் போதும், பெரிய செலவே இல்லை.

அதோடு கொப்பியின் முறையும் மாறியது. இப்போது அதில் ஒரே ஒரு அளவு எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அறைச் சூடு, தண்ணீர்ச் சூடு, எத்தனை மணிக்கு அச்சில் போட்டது, பாண் எப்படி வந்தது, யார் குழைத்தது, இவ்வளவும் ஒரு வரியில். "இண்டைக்கு கொஞ்சம் இறுக்கம்" என்று எழுதினாலும் சரிதான். எழுத்துப் பிழையை ஒருவரும் திருத்தக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் பேனையைத் தொட வெட்கப்படுவார்கள். அட்டையெல்லாம் மாப் பசையாக இருக்கிற அந்தக் கொப்பிகள் இப்போது ஐந்தாகிவிட்டன. மாரி தொடங்கும்போது போன மாரியின் பக்கத்தைத் திறந்து பார்ப்போம்.

இனிச் சொல்லப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி. 2023 மார்கழி, விடாத மழை. படுவான்கரை வண்டியில் பாண் திரும்பி வரத் தொடங்கியது. பிய்த்துப் பார்த்தால் நடுவில் பிசுபிசுத்து, சிலந்தி நூல் மாதிரி இழுபட்டது. கனிந்து போன அன்னாசி மணம் வேறு. முதலில் நான் செய்தது அப்பா காலத்துப் பழக்கம்: யார் குழைத்தது என்று பார்த்துச் சம்பளத்தில் வெட்டினேன். வெட்டிய பிறகு திரும்பி வரும் பாண் குறைந்தது. எனக்குச் சந்தோஷம். உண்மை என்னவென்றால், பொடியன்கள் அதை எனக்குக் காட்டாமல் மாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு கிராமமே எங்கள் வண்டியை மறிப்பதை விட்ட பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நானே போய்ச் சொன்னேன். மாவில் இயல்பாகவே இருக்கிற ஒரு பக்டீரியா வித்து, போறணைச் சூட்டிலும் சாகாது, பாண் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் பெருகிவிடும் என்று விளக்கினார். திரும்பி வந்து எல்லோரையும் இருத்தினேன். வெட்டிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். இனிப் பழுதான பாணுக்காக ஒருவர் சம்பளத்திலும் கை வைக்க மாட்டேன், மறைத்தால் மட்டும்தான் கோபம் வரும் என்று சொன்னேன். பிறகு, "இது எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டேன். நெடுநேரம் பேச்சில்லை. பாண் அடைக்கிற அக்கா மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமாச் சுடச்சுடத்தானே பையில போடுறம் புள்ள. உள்ள தண்ணி முத்து முத்தா நிக்கும்."

ஏன் சூட்டோடு போட்டோம்? வண்டி ஐந்தரைக்கே வெளிக்கிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். ஏன் ஐந்தரை? கம்பனிப் பாண் லொறி வருவதற்கு முன் கடைகளுக்குப் போக வேண்டும் என்று. பிறகு இன்னொருவன் வாயைத் திறந்தான். மிச்சமான பழைய பாணை ஊறவைத்துப் பணிஸ் மாவில் சேர்ப்பது எங்கள் பழைய சிக்கனம். அந்த வித்துகளை நாங்களே திரும்பத் திரும்ப வளர்த்திருக்கிறோம். நான் அதட்டியிருந்தால் இது இரண்டும் வெளியே வந்திருக்குமா?

பழைய பாண் சேர்ப்பதை அன்றே நிறுத்தினோம். தொட்டி, அச்சு, மேசை எல்லாம் வினாகிரியால் துடைத்தோம், மழைக்காலத்தில் 50 கிலோ மாவுக்கு அரை லீற்றர் அளவில் வினாகிரியும் சேர்க்கிறோம். பாண் ஆறாமல் பைக்குள் போகாது. வண்டி ஆறரைக்குத்தான் வெளிக்கிடும். முதல் வாரம் பயந்தேன், லொறி முந்திவிடுமே என்று. படுவான்கரையில் ஆறரைக்கு முன்னால் பாண் வாங்க ஒருவரும் அவசரப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தங்கையின் மகள் இதற்கும் ஒரு பேராசிரியரைச் சொன்னாள், கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்று. சூடு கூடினால் நிறுத்தி, குறைந்தால் போடுகிற கருவி, வைத்த சூடு சரிதானா என்று ஒரு நாளும் கேட்காதாம். நானும் ஐந்தரை மணியை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணி நேரம் எல்லோரும் இருக்கிறோம். பிளேன்ரீ, பணிஸ், அந்தக் கொப்பி. சம்பள நேரத்துக்குள்ளேதான், வேலை முடிந்த பிறகு இருத்தினால் ஒருவரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். நான் கடைசியாகத்தான் வாய் திறப்பேன். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இது நான் பட்டுத் தெரிந்தது.

அந்த அரை மணியில் ஆகக்கூடுதலாகத் தந்தவர் வண்டி ஓட்டுகிற தம்பி. கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில், கோயில் கதவு திறந்ததிலிருந்து கடைசிச் சடங்கான குளிர்த்தி வரைக்கும், பல வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் புழங்க மாட்டார்கள். நாங்கள் வழமை போல மீன் பணிஸ் ஏற்றிவிடுவோம், அப்படியே திரும்பி வரும். "எனக்குத் தெரியும்தானே அக்கா, நீங்க ஏத்திவிட்டா நான் கொண்டு போறன்" என்றான். ஒன்பது வருடம் வண்டி ஓட்டுகிறவன்! எந்த ஊரில் எந்தக் கிழமை சடங்கு என்று அவனையே எழுதச் சொன்னோம். அந்த நாட்களில் மரக்கறிப் பணிஸும் சீனிப் பணிஸும் மட்டும் போகும். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டு நடக்கும்போது வீட்டில் ஆள் இருக்காது, வயலடிக்குப் போனால் ரஸ்க்கும் பணிஸும் பறக்கும் என்பதும் அவன் சொல்லித்தான். நோன்பு மாதத்தில் பின்னேரச் சுடல் எத்தனை மணிக்கு என்பதைக் காத்தான்குடி நானாவிடம் கேட்டு மாற்றினோம். முன்பு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது சாமான் திரும்பி வரும், இப்போது பத்துக்கு மேலே வந்தால் வெள்ளிக்கிழமை அதைப் பற்றிப் பேசுவோம். லொறிக்காரருக்கு மண்டூரில் எந்தக் கிழமை சடங்கு என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நிறை விஷயமும் இருக்கிறது, அது சுருக்கம். மா விலை ஏறிய நாட்களில் பலரும் பாணைச் சிறுக்க வைத்தார்கள். எங்களுக்கும் ஆசை வந்தது. அக்காதான், "சனம் கையில தூக்கின உடனே கண்டுபிடிக்கும்" என்றார். விலையைக் கூட்டினோம், நிறையை விட்டுவைத்தோம், தராசைக் கடை மேசையில் எல்லோரும் பார்க்க வைத்தோம். 2024 தொடக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று வர்த்தமானி போட்டபோது எங்களுக்கு மாற்ற ஒன்றும் இருக்கவில்லை.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு பேர் பழகியிருக்க வேண்டும், அந்த இரண்டாவது ஆளுக்குக் கிழமையில் ஒரு நாளாவது வேலையைத் தனியாக விட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது பழகியதாகாது, எங்கள் பொடியன் எட்டு வருடம் பார்த்துக்கொண்டுதான் நின்றான். புதிதாக எதைச் செய்து பார்த்தாலும் ஒரு தட்டில் செய்யுங்கள், ஒரு மூடையில் வேண்டாம். குரக்கன் பாண் செய்யப் போய் ஒரு மூடையைப் பாழாக்கியிருக்கிறோம்.

போன வருடம் அண்ணன் விடுமுறையில் வந்தார். விடியச் சாமம் தொட்டியடிக்கு வந்து, கொப்பியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். கச்சான் நாட்களின் பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "உப்பைக் கடைசியாப் போடுறது ஏன் எழுதயில்ல?" என்று கேட்டார். எங்களுக்கு அது தெரியாது. அவரே பேனையை வாங்கி எழுதினார்.

பொடியன் இப்போது, கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கான கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான். கூப்பிட்டால் போய்விடுவான், போகத்தான் வேண்டும், அவனுக்கும் வீடு கட்ட வேண்டும். இரண்டு மாதமாக அவனோடு அடைக்கிற அக்காவின் மகள் விடிய மூன்று மணிக்குத் தொட்டியடியில் நிற்கிறாள். எங்கள் பேக்கரியில் பெண்பிள்ளை மா குழைப்பது இதுதான் முதல் தடவை. ஊரில் இரண்டு பேர் ஏதோ சொன்னார்கள், அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன செவ்வாய்க்கிழமை தனியாக விட்டோம். அறை 31, தண்ணீர் 11, 152 பாண். கொப்பியில் அவள் எழுதியிருந்தது: "நாலு அச்சில் கொஞ்சம் சாய்வு. கை பிழை. நாளைக்குப் பாக்கணும்."